செயின் இறுக்கிய மறுநாள்

மாமா வேலை முடிந்து வாசலுக்கு வந்ததும் பைக்கை விட்டு உடனே இறங்க மாட்டார். இரண்டு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டு வண்டியை இடமும் வலமுமாக ஆட்டுவார். டேங்கில் மிச்சமிருக்கிற பெட்ரோல் சளக் சளக்கென்று அலம்புவதைத் தலையைச் சாய்த்துக் கேட்பார். அந்த நேரம் உள்ளே அடுப்படியில் என் அக்காவின் கையிலிருக்கும் கரண்டி அப்படியே நின்றுவிடும். சத்தம் கனமாக இருந்தால் அன்றைக்கு நல்ல நாள். லேசாக இருந்தால் அக்காவுக்கு அடி விழும், அல்லது எனக்கு. பல நாள் இரண்டு பேருக்கும். நான் அப்போது மீசை முளைத்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவன். அந்த வயதில் அக்கா புருஷனிடம் அடி வாங்கினேன் என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் வாங்கினேன்.

மாமா கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி உருட்டும் ஒரு ரோலிங் மில்லில் ஷிஃப்ட் சூப்பர்வைசர். ஸ்டேஷனுக்குப் பின்பக்கச் சந்தில் வாடகை வீடு, பிள்ளைகள் இல்லை. எனக்குப் பக்கத்துத் தேர்வாய் கண்டிகைத் தொழிற்பேட்டையில் வேலை கிடைத்தபோது, எங்கள் ஊரான திருநின்றவூரிலிருந்து தினமும் ரயில் மாறி வந்து போவது பெரும்பாடு என்று அக்கா வீட்டிலேயே தங்கிக்கொண்டேன். அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே மாமாதான். அதை மறைத்தால் நான் மனுஷனில்லை. மில்லில் அவரைக் கெட்டவர் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஃபர்னஸ் சூட்டில் மயங்கி விழுந்த ஒரு வடநாட்டுத் தொழிலாளியைத் தோளில் போட்டுக்கொண்டு கேட் வரை ஓடியவர் அவர். வேலையிடத்தில் குரலை உயர்த்திப் பேச மாட்டாராம். அந்த நல்ல மனுஷன் தினமும் மில் கேட்டுக்கும் எங்கள் வீட்டு வாசலுக்கும் நடுவில் எங்கே இறங்கிக்கொண்டார் என்று எனக்கு இன்று வரை புரியவில்லை.

அவருடைய உயிர் அந்த டூரிங் பைக். பழைய வண்டிதான். யாரோ ஓட்டி அலுத்ததை வாங்கி, முன்னால் காற்றுத் தடுக்கும் கண்ணாடி, பின்னால் இரு பக்கமும் பெட்டி என்று அலங்காரம் செய்து வைத்திருந்தார். லீவு கிடைத்தால் மில் சிநேகிதர்கள் மூன்று பேரோடு கிளம்பிவிடுவார். ஸ்ரீசைலம், ஹம்பி, ஒருமுறை கோவா வரை. மற்றவர்கள் திரும்பி வந்து எங்கே என்ன சாப்பிட்டோம் என்று பேசுவார்கள். மாமா மட்டும் எந்த ஊர் வரை எத்தனை லிட்டரில் போனோம் என்று பேசுவார். டயரில் காற்றை விடிகாலையில், டயர் சில்லென்று இருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். மில் தூசு ஏர் ஃபில்டரில் ஏறினால் வண்டி பெட்ரோலைக் குடிக்கும். ரயில்வே கேட்டில் நின்றால் எஞ்சினை அணைக்க வேண்டும். பக்கத்தில் கண்டெய்னர் லாரி உறுமிக்கொண்டு முந்தினாலும் நம் வேகம் மாறக் கூடாது. இதெல்லாம் அவருக்கு வேதவாக்கு. “ஆக்சிலேட்டர கோழிக்குஞ்ச புடிக்கிற மாரி புடிக்கணும்டா. இறுக்கினா செத்துடும், உட்டா ஓடிடும்” என்பார். ஆக்சிலேட்டரை அவ்வளவு பதமாகப் பிடிக்கிற அந்தக் கை என் அக்காவின் கொண்டையைப் பிடித்துச் சுவரில் மோதியதை நான் பார்த்திருக்கிறேன்.

சில வாரங்களுக்கு ஒருமுறை வண்டியின் மைலேஜ் சொல்லாமல் கொள்ளாமல் விழுந்துவிடும். வழக்கமாக லிட்டருக்கு முப்பத்தைந்து கிலோமீட்டர் கொடுக்கிற வண்டி முப்பதுகூடக் கொடுக்காது. மாமாவுக்கு எல்லாம் மனக்கணக்கு. மீட்டர் ஓடியது இவ்வளவு, பெட்ரோல் போட்டது இவ்வளவு, குறைகிறதென்றால் யாரோ டேங்கிலிருந்து எடுக்கிறார்கள். வேறு வழியே இல்லை, ஏனென்றால் வண்டியை அவரைவிட நன்றாகப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. என்னிடம் ஒரு ஓட்டை மொபெட் இருந்தது. நைட் ஷிஃப்ட் முடிந்து அவர் தூங்கும்போது அக்கா காவல் நிற்கிறாள், தம்பிக்காரன் டியூபை உருவிப் பெட்ரோல் பிடித்துக்கொள்கிறான். இதுதான் அவர் கண்டுபிடித்த கதை. முதல் தடவை என்னைக் கேள்விகூடக் கேட்கவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவனின் முதுகில் ஒரு உதை விட்டார். தட்டின் மேலேயே விழுந்தேன், மூக்கிலிருந்து ரத்தம் சோற்றில் சொட்டியது. “என் ஊட்லயே துன்னுகினு என் டேங்குலயே கைய வெக்கிறியா?” என்றார். குறுக்கே வந்த அக்காவின் வாயில் புறங்கையால் அடித்தார். பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டினார்கள். மறுநாள் குழாயடியில் அவளுடைய வீங்கிய உதட்டைப் பார்த்துக் கேட்டவர்களிடம், படியில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள். எங்கள் வீட்டுக்கு இருந்ததே ஒரு படிதான்.

வேறு எங்காவது போய்த் தங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் பையைத் தூக்கிக்கொண்டு இரண்டு தடவை கிளம்பினேன். நான் போய்விட்டால் எனக்கு விழுகிற அடியும் சேர்ந்து அவளுக்கு விழும் என்று தோன்றியதும் திரும்பி வந்துவிட்டேன்.

உண்மையைக் கண்டுபிடித்தது அக்காதான். சந்து குறுகல் என்பதால் மாமா வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுக் குளிக்கப் போவார். பலகையின் மேல் ஏற்றி அதை உள்ளே தள்ளி வைப்பது அவள் வேலை. ஒருநாள் துணி பிழிந்துகொண்டே என்னிடம் சொன்னாள்: “டேய் தம்பி, அவரு செயின டைட் பண்ணாருன்னா மறுநாளு வண்டி தள்ளவே வர மாட்டேங்குது. கல்லு மாரி கனக்குது. அப்புறம் ரெண்டு நாளு போனா நமக்கு அடி உழுது. நீ வேணா பாரு.” எனக்குப் பொறி தட்டியது. அவர் அசந்த நேரம் பார்த்து வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டுப் பின் சக்கரத்தைச் சுற்றினேன். பாதி சுற்றுகூடச் சுற்றாமல் நின்றது. செயினை இறுக்கப் பின் சக்கரத்தைச் சற்றுப் பின்னால் இழுக்க வேண்டும். அப்படி இழுத்தால் பிரேக் கம்பியும் இழுபடும், அதன் நட்டைத் தளர்த்தி விட வேண்டும். அதை மட்டும் மாமா செய்யவில்லை. செயின் தொய்ந்தால் மைலேஜ் போய்விடும் என்று ஆசை ஆசையாக இறுக்குவார். அன்றிலிருந்து, பிரேக் கட்டை தேய்ந்து தானாக விடுபடும் வரை, வண்டி பிரேக்கைப் பிடித்துக்கொண்டே ஓடும். அது தின்ற பெட்ரோலுக்குத்தான் நாங்கள் உதை வாங்கிக்கொண்டிருந்தோம்.

நட்டைத் தளர்த்திவிட்டு வாயை மூடிக்கொண்டோம். அடுத்த வாரம் மாமா சிரித்துக்கொண்டே வந்தார், கையில் பிரியாணிப் பொட்டலம். வண்டி முப்பத்தேழு கொடுத்ததாம். அக்காவின் தலையைச் செல்லமாகத் தட்டி, “பாத்தியா? ரெண்டு சாத்து சாத்தினதும் ஒயுங்காயிடுச்சு. மொதல்லயே இன்னும் நாலு போட்டிருக்கணும்” என்றார். மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். பொறுக்க முடியாமல், “பிரேக் புடிச்சிகினு இருந்துச்சு மாமா. நான்தான் லூஸ் பண்ணேன்” என்று சொல்லிவிட்டேன். அவர் கையை நிதானமாகக் கழுவிக்கொண்டு வந்தார். “என் வண்டி மேல கைய வெச்சியா?” என்றுதான் கேட்டார், பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பெல்ட்டின் இரும்புக் கொக்கி என் காதுக்குப் பின்னால் பிய்த்த இடத்தில் இன்றும் முடி முளைப்பதில்லை. அதற்கப்புறம் வண்டிக்கு ஒரு பூட்டுச் சங்கிலி வந்தது. செயின் இறுக்குவது நிற்கவில்லை. அடியும் நிற்கவில்லை.

அந்த ஆட்டத்தின் முடிவு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது. மறுபடியும் ஸ்ரீசைலம் போவதாகச் சிநேகிதர்கள் மூன்று பேரும் வாசலில் வந்து நின்றார்கள். முந்தின நாள் சாயங்காலம் மாமா ஆசையாகச் செயினை இறுக்கி வைத்திருந்தார். வண்டியின் பூட்டைக் கழற்றி வாசலில் நிறுத்தியிருந்தார், ஸ்பேனர்கூடக் கீழேயே கிடந்தது. பேச்சு எப்போதும்போல மைலேஜுக்குப் போயிற்று. ஒருவர் சலித்துக்கொண்டார்: “என் வண்டி குடிகாரன் மாரி குடிக்குதுப்பா. பேஜாரு. நீ மட்டும் இன்னா பண்ற?” மாமா சிரித்துக்கொண்டே, “ஊட்ல ரெண்டு பேர வாரத்துக்கு ஒரு தபா சாத்து. மைலேஜ் தானா ஏறும்” என்றார். மூன்று பேரும் சிரித்தார்கள். அக்கா டீ டம்ளர்களோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

டீத்தட்டைத் தரையில் வைத்தாள். நேராக வண்டியிடம் போய், பழக்கப்பட்ட கையாயிற்றே, ஒரே இழுப்பில் சென்டர் ஸ்டாண்டில் ஏற்றினாள். பின் சக்கரத்தைக் காலால் ஓங்கி ஒரு உதை. சக்கரம் முனகிவிட்டு நின்றது. “பாருங்கண்ணா. இதான் திருடன். நானும் என் தம்பியும் இல்ல” என்றாள். ஒருவர் குனிந்து சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, “ஆமா நைனா, பிரேக்கு புடிச்சிகினுகீது” என்றார். அவ்வளவுதான். மாமா அக்காவின் கழுத்தைப் பிடித்து வண்டியோடு சேர்த்து அழுத்தினார். அவள் கன்னத்தை முன் கண்ணாடியின் விளிம்பு கிழித்தது. நான் பின்னாலிருந்து அவரைக் கட்டிப் பிடித்தேன். தலையைப் பின்னால் எறிந்து என் முகத்தில் மோதினார். முன்பல் ஒன்று உடைந்து நாக்கில் உருண்டது. என்னைக் கீழே தள்ளி மார்பில் மிதித்தார். அந்த மூன்று பேரும் “உடுப்பா, உடுப்பா” என்றார்களே தவிர ஓர் அடி முன்னால் வரவில்லை. மூன்றாவது மிதிக்குக் காலைத் தூக்கியவர் அலறிக்கொண்டு சரிந்தார். அக்காவின் கையில் ஸ்பேனர் இருந்தது. அவருடைய வலது மணிக்கட்டு கோணலாகத் தொங்கியது. எழ முயன்றவரின் முழங்காலிலும் ஒன்று வைத்தாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்படித் தோன்றியிருக்கக் கூடாது என்று இன்றுகூட நான் நினைக்கவில்லை.

அவள் நிற்கவில்லை. ஸ்பேனரைப் போட்டுவிட்டு டேங்குக்கு அடியில் கையை விட்டு டியூபை உருவினாள். ஃபுல் டேங்க் பெட்ரோல் சந்துத் தரையில் ஓடிச் சாக்கடையில் இறங்கியது. கன்னத்து ரத்தம் தாடையில் வழிய, கல்யாணமான நாளிலிருந்து ‘நீங்க’ என்றே கூப்பிட்ட புருஷனைப் பார்த்துச் சொன்னாள்: “இத்தினி நாளு எடுக்காததுக்கு அடி வாங்கினேன். தோ, இன்னிக்கு எடுத்துட்டேன். எழுந்து வந்து அடி. வாடா.” அவர் எழுந்து வரவில்லை. ஒரு புடவையைத் தலையில் சுற்றிக்கொண்டு அக்காவும், வாயில் கைக்குட்டையை அடைத்துக்கொண்டு நானும் அடுத்த ரயிலைப் பிடித்தோம். ரத்தத்தைப் பார்த்துப் பெட்டியில் எங்களைச் சுற்றி இடம் காலியாயிற்று. பேசின் பிரிட்ஜில் இறங்கித் திருநின்றவூர் ரயிலுக்கு மாறினோம். ஆஸ்பத்திரியில் மாமா பைக்கிலிருந்து விழுந்துவிட்டதாகச் சொன்னாராம்.

கட்டுப் பிரித்த பிறகு ஒருநாள் மாமா திருநின்றவூருக்கு வந்தார். கூடவே எங்கள் பெரியப்பாவும், ஒரு சீப்பு வாழைப்பழமும். இளைத்திருந்தார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. மன்னிப்புக் கேட்பார் என்று எல்லாரும் காத்திருந்தோம். மாமா அக்காவைப் பார்த்து, “பிரேக்க லூஸ் பண்ட்டேன். இப்ப முப்பத்தெட்டு குடுக்குது. இனிமே ஒரு பிரச்சினையும் வராது. ஊட்டுக்கு வா” என்றார். மனசார, நம்பித்தான் சொன்னார். கண்கூடக் கலங்கியிருந்தது. எனக்கு அந்த அடிகளைவிட இதுதான் பயங்கரமாக இருந்தது. பெரியப்பா, “அதான் சரியாயிடுச்சு இல்லம்மா” என்றார். அக்கா பழத்தை எடுத்து மாமாவின் மடியிலேயே திருப்பி வைத்தாள். “வண்டி சரியாயிடுச்சு பெரிப்பா” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இப்போது அக்கா அம்பத்தூரில் ஒரு தையல் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். ஸ்டேஷனுக்கு நடந்து நடந்து கால் வலிக்கிறது என்று போன மாசம் ஒரு ஸ்கூட்டர் வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற வழியில் என் வீட்டு வாசலில் வந்து ஹாரன் அடித்தாள். கன்னத்துத் தழும்பு வெயிலில் நன்றாகத் தெரிந்தது. ஆம்பிளைப் புத்தி, வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு வாய் தவறிக் கேட்டுவிட்டேன், மைலேஜ் எவ்வளவு கொடுக்கிறது என்று. கேட்டதும் எனக்கே சுருக்கென்றது. அக்காவுக்குக் கோபம் இல்லை.

“யாருக்குடா தெரியும்? தீந்தா போடுவேன்” என்றாள்.