கெட்டித் தண்ணீர்

சோற்றில் கை வைத்ததும் அப்பாவுக்குப் புரையேறும். உச்சந்தலையில் தட்டுவோம். "யாரோ நெனைக்கிறாங்கப்பா." இருமலுக்கு நடுவே அவரும் சிரிப்பார். ரசத்துக்கு ஒருவர் நினைத்தார், காப்பிக்கு ஒருவர், மாத்திரைக்கு ஊற்றிய தண்ணீருக்கு இன்னொருவர். திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் காலமெல்லாம் ஏலம் கூவிய மனிதருக்கு நினைக்க ஆளா இல்லை என்று வீட்டில் எல்லோரும் இருந்துவிட்டோம். மறதி நோய் வந்து அவர் ஊரை மறந்துகொண்டிருந்தார். ஊர் மட்டும் வேளா வேளைக்கு அவரை நினைத்துக்கொண்டிருந்ததாம். இந்த அழகான பொய்யை முதலில் சொன்னவர் என் எதிரே வந்தால், அவர் உச்சந்தலையில் நானும் தட்டுவேன். கரண்டியால்.

ஒருவரும் நினைக்கவில்லை. தண்ணீர் வயிற்றுக்குப் போகாமல் நெஞ்சுக்குள் போய்க்கொண்டிருந்தது.

காய்ச்சல், ஆஸ்பத்திரி, ஊசி, வீடு, மறுபடி காய்ச்சல். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "வயசாயிருச்சுல்ல, பனிக்காத்து படாமப் பாத்துக்கங்க." பங்குனி வெயிலில் பனிக்காற்று! ஜன்னலைச் சாத்தினேன். அப்பா வேர்த்து நனைந்தார். வயசு, வயசு, வயசு. எதைக் கேட்டாலும் அந்த ஒரு சொல்லைத் தூக்கி முன்னால் போட்டுவிடுகிறார்கள், தாண்டி வா பார்க்கலாம் என்பதுபோல.

பக்கவாதக்காரரை வைத்துப் பார்த்த பக்கத்து வீட்டம்மாதான், விழுங்குவதற்கென்றே பயிற்சி கொடுக்கிறவர்கள் மதுரையில் இருக்கிறார்கள் என்றார். கூட்டிப்போனேன். அங்கிருந்த பெண் அப்பாவின் தொண்டையில் இரண்டு விரலை வைத்து, ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்து, தொண்டை முடிச்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தார்.

"மறதி முத்துனா முழுங்குறதும் தடுமாறும்மா. இருக்கறதுலயே மோசம் தண்ணிதான், தடதடன்னு ஓடிரும். கெட்டியாக்குற பவுடர் இருக்கு, அதைக் கலந்து தேன் பதத்துக்குக் கொண்டு வாங்க. நிமுத்தி உக்கார வச்சு, தாடையைத் தாழ்த்தி, அரை ஸ்பூன். படுத்த வாக்குல எதுவும் வேண்டாம். இருமுனாக்கூடப் பரவால்ல, இருமாமலே உள்ள போறதுதான் பயம். இன்னொரு தடவை நெஞ்சுல தங்குச்சுன்னா தாங்க மாட்டாரு."

அன்று முதல் அப்பாவின் தண்ணீரைக் கெட்டியாக்கினேன். அவர் ஸ்பூனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்னத்தா இது? சுவத்துல போஸ்டர் ஒட்டவா?"

"தண்ணிப்பா."

"இது தண்ணின்னா நான் கலெக்டரு."

துப்பினார். ஊட்டினேன். துப்பினார். என் பெயர் மறந்துவிட்டது, நான் யார் என்பது அடிக்கடி மறந்துவிடுகிறது, பச்சைத் தண்ணீரின் ருசி மட்டும் அவருக்குள் அப்படியே நின்றது. வெயில் ஏற ஏறக் கேட்பார். தண்ணி. தண்ணி. தெருவுக்கே கேட்கும், ஏலக்காரரின் தொண்டை அல்லவா. தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு ஓடிப் பழகிய தெரு அது. பெற்றவனுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்காத மகள் என்று எனக்குப் பெயர் வைக்க அவர்களுக்கு எத்தனை நேரம் ஆகும்? பவுடர் டப்பாவைக் காட்டி விளக்கினேன். தலையாட்டினார்கள். படி இறங்கியதும் பேசினார்கள். பேசிய அந்த வாய்கள் எல்லாம் சொம்பை அண்ணாந்து மடமடவென்று குடிக்கிற வாய்கள். குடிப்பது ஒரு வேலை என்றே தெரியாத வாய்கள்.

ஒரு நாள் நான் மாவு மில்லுக்குப் போயிருந்த நேரத்தில் நத்தத்திலிருந்து அத்தை வந்திருக்கிறாள். அப்பாவின் தங்கை. முந்தானையில் ஒரு பிடி மண். எப்போதோ கைமாறிப்போன எங்கள் புளியந்தோப்பின் மண். நான் திரும்பியபோது அப்பா மல்லாக்கப் படுத்திருந்தார், அவர் வாயோரம் செம்மண் நிறத்தில் ஒரு கோடு வழிந்திருந்தது, அத்தை கையில் சங்கு.

"என்ன அத்தை குடுத்த?"

"மண்ணக் கரைச்சு ரெண்டு வாய் ஊத்துனேந்தா. மண்ணாசைல உசுரு பிரியாம இழுத்துக்கிட்டுக் கெடக்குல்ல எங்கண்ணனுக்கு."

"யாரு இழுத்துக்கிட்டுக் கெடக்கா? காலைல சட்னி சரியில்லன்னு என்னைய வஞ்ச மனுசன் அத்தை இவரு!"

"நாப்பட்ட ஒடம்புத்தா. போற உசுரக் காயப்போட்டு அனுப்பலாமா? ஒரு தடவகூட இருமல பாரு, சொகமா எறங்கிருச்சு."

இருமவில்லை. மதுரைப் பெண் பயந்தது அதற்குத்தான். அவரைத் தூக்கி உட்கார வைத்தேன். "அப்பா, பேசு. எதாச்சும் பேசு." "ம்ம்" என்றார். தண்ணீருக்குள் இருந்து வருவதுபோல் குரல் களகளத்தது.

அத்தை பக்கம் திரும்பினேன். "படு."

"எதுக்குடி?"

"மல்லாக்கப் படு. நான் ஊத்துறேன், நீ முழுங்கு. தெரியும் உனக்கு."

படுத்துவிட்டாள். அந்த வீம்பு எங்கள் குடும்பத்துக்கே உள்ளது. மிச்சமிருந்த மண் தண்ணீரை ஊற்றினேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரே மடக்கில் விழுங்கி, கையூன்றி எழுந்து, வாயைத் துடைத்தாள்.

"எறங்கிருச்சு. இப்ப என்னாங்குற?"

நல்ல தொண்டைக்கு எல்லாம் இறங்கும். அவளைப் பிடித்துத் தள்ளாமல் இருக்க நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

காய்ச்சல் வந்தது. மண் தண்ணீரால்தானா என்று இந்த முறை பார்த்த டாக்டரிடம் கேட்டேன், சண்டைக்குப் போகிறவள்போல. "அவரோட எச்சிலே போதும்மா, உள்ள போறதுக்கு" என்றார். இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அத்தையைக் குற்றவாளி என்று முழுசாகச் சொல்லக்கூட வழியில்லை. ஆத்திரத்தை இறக்கி வைக்க ஓர் இடமில்லாமல் வார்டு வராந்தாவில் நடந்தேன்.

சாப்பாடு இறக்க மூக்கு வழியே குழாய் விட்டார்கள். அப்பா பிடுங்கினார். மறுபடி விட்டார்கள், மறுபடி பிடுங்கினார். கையைக் கட்டிலோடு துணியால் கட்டினார்கள். ஏலத்தில் விரலசைத்து விலை முடித்த கை. கட்டை அவிழ்க்கச் சொல்லி யாரென்று தெரியாத என்னிடமே கெஞ்சினார், "அம்மா, நீங்க நல்லாருப்பீங்க" என்று. அவிழ்த்தேன். குழாய் வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

மதுரைப் பெண்ணைப் போனில் கூப்பிட்டேன். நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டார். பிறகு, "எப்படிக் குடுத்தாலும் கொஞ்சம் உள்ள போகத்தாம்மா செய்யும் இனிமே. வாயைச் சுத்தமா வச்சுக்கங்க. உக்கார வச்சு, அவர் கேக்குறதைக் கொஞ்சமாக் குடுங்க. தெரிஞ்சேதான் குடுக்குறோம், அவ்வளவுதான்" என்றார்.

மறுநாள் வாயைத் துடைத்துவிட்டு, சாதாரணத் தண்ணீரை டம்ளரில் எடுத்தேன். அப்பா டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார். அரை ஸ்பூன். தொண்டை முடிச்சு யோசித்து, யோசித்து, ஏறி இறங்கியது. ஒரு இருமல். பிறகு அவர் முகத்தில் வந்ததை நான் எழுத முயலப்போவதில்லை.

"இன்னும்" என்றார்.

அத்தை வாசலில் செருப்பைக் கழற்றியபடி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு நான் குடுத்தாக் கொலகாரி. இன்னைக்கு நீ குடுத்தா மகளா?"

"ஆமா."

"என்னாடி ஆமா?"

"அன்னைக்கு நீ அவரு போறதுக்குக் குடுத்த. நான் அவரு குடிக்கிறதுக்குக் குடுக்குறேன்."

அவள் வாயைத் திறந்தாள். நான் விடவில்லை. "பேச நேரமில்ல அத்தை. சாயுறாரு பாரு. முதுகுல தலகாணியை வையி. மேல, இன்னும் மேல. நெஞ்சு நிமுறட்டும்."

முணுமுணுத்துக்கொண்டே வைத்தாள். நான் அடுத்த அரை ஸ்பூனை எடுத்தேன்.