கார்டு இல்லாதவர்களின் வரிசை

என் அத்தாவுக்குக் கார்டு என்றாலே ஆகாது. கிரெடிட் கார்டு வட்டியோடு வருவது, வட்டி ஹராம் என்பார். அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. டெபிட் கார்டு என்ன பாவம் செய்தது என்று கேட்டால், "அது அவனோட தம்பிதானேம்மா" என்று முடித்துவிடுவார். ஆம்பூரில் இன்றைக்கு இளநீர் வண்டிக்காரர்கூட ஒரு அட்டையை மாட்டிவைத்து, ஸ்கேன் பண்ணுங்க பாய் என்கிறார். அத்தா பக்கத்தில் நிற்கிற யாரையாவது ஸ்கேன் பண்ணச் சொல்லிவிட்டு, அவர் கையில் நோட்டைத் திணிப்பார். முன்பின் தெரியாத ஆளாக இருந்தாலும் கவலையில்லை. எங்கள் ஊரில் பாதிப் பேர் ஏதோ ஒரு நாளில் என் அத்தாவின் டீக்குப் பணம் அனுப்பியவர்கள்தான்.

எங்களுக்கு ஒரு சின்ன ஷூ ஃபேக்டரி இருக்கிறது. அங்கே டிசைன் பார்ப்பது நான். முதலாளி மகள் என்பதால் சம்பளம் கம்மி, திட்டு ஜாஸ்தி. வெளிநாட்டுக் கண்காட்சிகளுக்கு அத்தாவோடு சாம்பிள் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போவதும் என் வேலைதான், ஏனென்றால் இங்கிலீஷ் என்னிடம், முடிவெடுப்பது அவரிடம். அப்படிப் போகிற கண்காட்சிகளில் ஒன்று லாஸ் வேகஸில். உலகத்தில் எத்தனையோ ஊர் இருக்க, ஷூ விற்பதற்குச் சூதாட்ட ஊரை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. அங்கே ஓட்டல் என்றால் கீழே கேசினோ, மேலே அறைகள். படுக்கப் போகிறவனும் சூதாடுகிறவர்களைத் தாண்டித்தான் லிஃப்டுக்குப் போக வேண்டும்.

நான் சொல்ல வந்த வருஷம் எனக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை வீடு மேல்விஷாரம், தோல் பதனிடுகிற குடும்பம். பெண் பார்க்க வந்த அன்று எல்லா மாப்பிள்ளைகளும் கேட்பதை அவர் கேட்கவில்லை. என் விரலில் ஒட்டியிருந்த பசையைப் பார்த்துவிட்டு, "எந்தப் பசை யூஸ் பண்றீங்க? சீக்கிரம் காயுதா?" என்று கேட்டார். அவருடைய அம்மா தலையில் அடித்துக்கொண்டார். எனக்கோ பிடித்துவிட்டது. சும்மா பிடித்தது என்று சொல்லவில்லை. கட்டினால் இவரைத்தான், இல்லாவிட்டால் ஆளை விடுங்கள் என்கிற அளவுக்குப் பிடித்துவிட்டது.

பேச்சு முடிந்த சந்தோஷத்தில் மாப்பிள்ளையின் அத்தாவுக்கு நானே ஒரு ஜோடி ஷூ தைத்துக் கொடுத்தேன். பழுப்புத் தோல், முன்பக்கம் வெள்ளை நூலில் இரட்டைத் தையல். உலகத்தில் அது ஒரே ஜோடிதான். மேல்விஷாரத்துக்காரர் அதை அங்கேயே போட்டுக்கொண்டு எங்கள் வாசலில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து காட்டினார். தோல் விற்க அவரும் தனியாக அதே கண்காட்சிக்கு வருவதாகச் சொன்னார்; தோல்காரர்களுக்கு அங்கே மண்டபம் வேறு. "போய்ட்டு வந்ததும் நாள் குறிச்சிடலாம் பாய்" என்று இரண்டு பேரும் கை குலுக்கிக்கொண்டார்கள்.

புறப்படுவதற்கு முன்னால் வழக்கமான சண்டை நடந்தது. வேலூரில் டாலர் மாற்றுகிற இடத்தில் இருந்தவர், பணத்தை ஏற்றிக்கொண்டு போக ஒரு கார்டு இருக்கிறது, வட்டி கிட்டி எதுவும் கிடையாது என்று எடுத்துச் சொன்னார். நானும் கூடச் சேர்ந்து சொன்னேன். அத்தாவிடம் துருப்புச்சீட்டு ஒன்று இருந்தது. அதற்கு முந்தைய பயணத்தில் ஓட்டல் அட்வான்ஸுக்கு என் கார்டைக் கொடுத்திருந்தேன். அவர்கள் பிடித்து வைத்த பணம், நாங்கள் ஊர் திரும்பி, ஜெட்லாக் தீர்ந்து, நான் மறந்தே போன பிறகுதான் கணக்குக்கு வந்தது.

"உன் கார்டு புடிச்சு வெச்சுக்கும்மா. நோட்டு குடுத்தா நோட்டு திரும்பி வரும். பேஜாரே இல்ல."

ஓட்டலில் சாவி வாங்குகிற இடத்தில் இருந்த பெண் கார்டு கேட்டாள். அறை வாடகை ஏஜென்ட் மூலமாக முன்பே கட்டியாகிவிட்டது. இது வெறும் அட்வான்ஸ், எதையாவது உடைத்தால் பிடித்துக்கொள்வதற்கு. அத்தா சட்டைப்பையிலிருந்து டாலர் நோட்டுகளை எடுத்து வைத்தார். அவள் நோட்டைப் பார்த்தாள், அத்தாவின் வெள்ளைத் தொப்பியைப் பார்த்தாள், உள்ளே போய் மேனேஜரைக் கூட்டி வந்தாள். அவர் தாராளமாக வாங்கிக்கொள்கிறோம் என்றார். ஒரே ஒரு விஷயம், ரொக்கமாகக் கொடுத்ததை ரொக்கமாகத் திருப்பித் தருகிற கவுண்டர் கேசினோவுக்குள் இருக்கிறது. கிளம்பும்போது அங்கே வரிசையில் நின்று வாங்கிக்கொள்ள வேண்டும்.

நான் மொழிபெயர்த்தேன். அத்தாவின் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"கேசினோவுக்குள்ளயா?"

"ஆமா அத்தா. கார்டு குடுக்கட்டுமா?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "வேணாம். நம்ம காசு, நாம போய் வாங்கப் போறோம். இதுல இன்னா தப்பு?"

அங்கே இருந்த நாட்களில் கேசினோவைத் தாண்டும்போதெல்லாம் அத்தா குனிந்த தலை நிமிரவில்லை. புதுப்பெண் கெட்டாள். ஆனால் கண் சும்மா இருக்குமா? நாற்பது வருஷம் ஷூவோடு புழங்கியவர் ஆயிற்றே. லிஃப்டுக்குள் வந்ததும் எனக்கு அறிக்கை கொடுப்பார்: ஒருத்தன் போட்டிருந்த ஷூவில் தையல் விட்டுப்போச்சு, ஒரு அம்மா போட்டிருந்தது தோலே இல்லை, ரெக்ஸின். முகம் என்று ஒன்றையும் அவர் அங்கே பார்க்கவில்லை.

கிளம்புகிற அன்று காலை நான் அறையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். அட்வான்ஸை நான் போய் வாங்கி வருகிறேன் என்றதற்கு, பெண்பிள்ளை அந்த இடத்தில் போய் நிற்கக் கூடாது என்று அத்தாவே இறங்கிப் போனார். ரொம்ப நேரம் ஆளைக் காணோம். திரும்பி வந்தபோது முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"வாங்கிட்டீங்களா அத்தா?"

"கெளம்பு, கெளம்பு. வண்டி வந்துட்டுது."

விமானத்தில் சாப்பாட்டைத் தொடவில்லை. சென்னையில் இறங்கப் போகும்போதுதான் வாயைத் திறந்தார்.

"மேல்விஷாரம் நமக்கு வேணாம்மா."

எனக்குக் காதில் விழுந்தது மூளைக்குப் போகவில்லை. "ஏன் அத்தா?"

"காரணம் கேக்காத. ஒருத்தரோட கொறைய நாம மூடி வெச்சா, நம்ம கொறைய அல்லா மூடி வெப்பான். என் வாயால அதச் சொல்ல மாட்டேன்."

கோபம் வந்தது. அழுகையும் வந்தது. எதை முதலில் காட்டுவது என்று தெரியாமல் சீட் பெல்ட்டை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தேன். பணிப்பெண் வந்து, உடம்புக்கு என்ன என்று கேட்டாள். என் கல்யாணம் நின்றுவிட்டது என்று அவளிடம் சொல்லத் தோன்றியது.

வீட்டில் அம்மா கேட்டும் அத்தா வாய் திறக்கவில்லை. மேல்விஷாரத்துக்கு எப்படிச் சொல்லி அனுப்புவது என்று அவர் தவித்துக்கொண்டிருக்கும்போதே, அங்கிருந்து முந்திக்கொண்டு ஆள் வந்தது. கல்யாணப் பேச்சு இப்போதைக்கு வேண்டாம், தப்பாக நினைக்காதீர்கள் என்றார்கள். காரணம் சொல்லவில்லை. அத்தாவுக்கு நியாயமாக நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்ததோ ரோஷம்.

"நம்மள வேணாம்னு சொல்ல அவங்களுக்கு இன்னா காரணம் இருக்கு?" என்று வீட்டுக்கும் வாசலுக்கும் நடந்தார்.

எனக்கும் அதே கேள்விதான். மாப்பிள்ளைக்கு நானே போன் போட்டேன். அவரும் குழம்பிப் போயிருந்தார்.

"எங்க அத்தா எதுவும் சொல்ல மாட்டேங்கறாருங்க. ஒருத்தர் கொறைய மூடி வெக்கணும், கேக்காதன்றார்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. விமானத்தில் என் அத்தா சொன்ன அதே பேச்சு. அப்படியானால் இரண்டு பேரும் ஒருவர் மற்றவரிடம் எதையோ பார்த்திருக்கிறார்கள்.

"வேற எதுவுமே சொல்லலையா? நல்லா யோசிச்சுப் பாருங்க."

"ஒரு தடவ தனக்குத்தானே பேசிட்டிருந்தார். தொப்பியக் கழட்டிட்டாவது அந்த மெஷின் முன்னாடி ஒக்காந்திருக்கலாமேன்னார். எனக்கு ஒண்ணும் புரியல."

கேசினோவில் வரிசையாக இருக்கிற சூதாட்ட மெஷின்கள் நினைவுக்கு வந்தன, எனக்குப் பாதி புரிந்தது. அவருடைய அத்தா எங்கே தங்கினார் என்று கேட்டேன். எங்கள் ஓட்டல்தான். அட்வான்ஸ் எப்படிக் கட்டினார் என்று கேட்டேன்.

"கார்டா? அவரு தொடவே மாட்டாருங்க. எங்க போனாலும் நோட்டுதான்."

போனைப் பிடித்துக்கொண்டு நான் சிரித்த சிரிப்பில் அம்மா சமையலறையிலிருந்து ஓடி வந்தார். நின்றுபோன கல்யாணத்துக்கு மாப்பிள்ளையோடு சிரிக்கிற பெண்ணை அவர் பார்த்ததில்லை.

அத்தா ஃபேக்டரியில் இருந்தார். போய் எதிரில் உட்கார்ந்தேன்.

"அத்தா, அந்த கவுண்டர் வரிசையில அவரத்தானே பாத்தீங்க?"

திடுக்கிட்டு நிமிர்ந்தார். "மொகத்தப் பாக்கல" என்றார். பிறகு மெதுவாக, "ஷூவப் பாத்தேன். நீ போட்ட வெள்ளத் தையல். எனக்கு முன்னால ரெண்டு ஆள் தள்ளி நின்னுட்டிருந்தது. சூதாடிக் காசு வாங்கற எடத்துலம்மா."

"நீங்க எதுக்கு நின்னீங்க அங்க?"

"அட்வான்ஸ் வாங்க."

"அவர் எதுக்கு நின்னார்?"

அத்தா என்னையே பார்த்தார்.

"அவருக்கும் கார்டு கெடையாது அத்தா."

கையிலிருந்த தோல் துண்டைக் கீழே வைத்தார். "யா அல்லா" என்றார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "ஒரு நல்ல மனுஷன இன்னான்னு நெனச்சுட்டேன்." அவர் கண் கலங்கியது. அப்படியே விட்டிருக்கலாம், ஆனால் மீதியையும் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

"அவரும் உங்கள அதேதான் நெனச்சிருக்கார். நீங்க மெஷின் முன்னாடி ஒக்காந்தீங்களாமே?"

கலங்கிய கண் அந்த நொடியே காய்ந்தது. "என்னையா? நானா சூதாடினேன்? அவரு திரும்பினா நான் பாத்தது தெரிஞ்சு வெக்கப்படுவாரேன்னு, மறைவா அங்க போய் ஒக்காந்தேன். நான் மெஷினத் தொடவே இல்ல!" ஃபேக்டரியில் மெஷின் ஓட்டுகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்தவரைத் தப்பாக நினைத்தது அழுகையோடு போயிற்று. தன்னை ஒருவர் தப்பாக நினைத்தது மட்டும் அவருக்கு ஜீரணமாகவே இல்லை.

"எட்றா வண்டிய" என்று டிரைவருக்குக் குரல் கொடுத்தார். பெண் வீட்டார் இப்படி வாசலில் போய் நிற்கலாமா என்று அம்மா போனில் தடுத்தார். யார் கேட்டார்கள்? நானும் ஏறிக்கொண்டேன். பள்ளிகொண்டா டோல்கேட்டில் பணம் தானாகக் கழிவதைக்கூட அன்று அவர் திட்டவில்லை.

மேல்விஷாரத்துக்காரர் வாசலுக்கு வந்து சலாம் சொன்னார். முகத்தில் தர்மசங்கடம். வெறுங்காலோடு நின்றார். கூடத்தில் உட்கார்ந்ததும் அத்தா மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னார். கார்டு இல்லாதது, வரிசை, ஷூ, மறைந்து உட்கார்ந்தது. கேட்கக் கேட்க மேல்விஷாரத்துக்காரரின் தலை தாழ்ந்துகொண்டே போனது.

"நான் காசு வாங்கித் திரும்பறேன் பாய், ஒங்க தொப்பி மட்டும் மெஷினுக்கு மேல தெரியுது. என்னப் பாத்தா நீங்க கூசிப் போவீங்கன்னு அந்தப் பக்கமா சுத்திப் போய்ட்டேன். என்ன மன்னிச்சுடுங்க." பிறகு ஏதோ நினைவு வந்தவராக, "அப்ப ஒங்க அட்வான்ஸ்? நான் போனப்புறம் போய் வாங்கினீங்களா?"

அத்தா என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"இல்ல. விட்டுட்டேன்."

எனக்கு அது அதுவரை தெரியாது. எங்கள் ஃபேக்டரியில் ஒருவர் வாங்குகிற மாதச் சம்பளத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு அந்தப் பணம். கார்டு பிடித்து வைத்துக்கொள்ளும் என்று என்னோடு அத்தனை சண்டை போட்ட மனுஷன்.

"ஏன் பாய்?"

"நீங்க நின்ன எடம் அது. அங்க போய் நின்னா, ஒங்களப் பாத்தது மறுபடி மறுபடி நெனப்புக்கு வரும். மறந்துடணும்னு பாத்தேன். எம்பொண்ணுக்கு ஒங்க புள்ளய அவ்ளோ புடிச்சிருந்தது."

மேல்விஷாரத்துக்காரர் எழுந்து உள்ளே போய்விட்டார். கோபமோ என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது காலில் என் ஷூ. பாய் விரித்த கூடத்தில், யாருமே செருப்போடு காலெடுத்து வைக்காத அந்த வீட்டில், வெள்ளை இரட்டைத் தையல் பளிச்சென்று தெரிய நடந்து வந்து அத்தாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நாள் பாக்கலாமா பாய்?" என்றார்.

விமானத்தில் அடக்கிய அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது.