அப்பாவின் பெயரில் வந்த மேற்கோள்கள்

கைபேசி ஒருமுறை சிணுங்கும். உலகத்தில் எங்கோ ஒருவர் எங்கள் கட்டுரையை மேற்கோள் காட்டியிருக்கிறார் என்று மின்னஞ்சல் வந்திருக்கும். மற்ற விரிவுரையாளர்களுக்கு அது பதவி உயர்வுக்கு உதவுகிற செய்தி. எனக்கு அது அக்காவின் குரல். கிளிநொச்சிப் பல்கலைக்கழக வளாகத்தில் நாங்கள் இருவரும் ஒரே அறையில் முதுகோடு முதுகாகக் கதிரை போட்டு இருந்த காலத்தில், இந்தச் சத்தம் கேட்டால் அவா திரும்பாமலே கேட்பா: "இண்டைக்கு அப்பா எந்த நாட்டில?" பிரேசில் என்பேன், இன்னொரு நாள் வியட்நாம் என்பேன். "நல்லாத் திரியட்டும். வவுனியாவுக்குப் போறதெண்டாலே முகத்தைச் சுளிக்கிற மனுசன்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பா.

அக்கா என்றால் கூடப்பிறந்தவா அல்ல. மண்ணியலில் எனக்கு மூத்த விரிவுரையாளர். அவவின் அப்பா துணுக்காயில் குளத்துக்குக் கீழே வயல் செய்தவர். கடைசிச் சண்டையில் சனத்தோடு சனமாக நடந்தபோது காணாமற்போனார். இறந்ததாகப் பதியச் சொல்லிக் கேட்டவர்களை அவவின் அம்மா வாசலோடேயே திருப்பி அனுப்பிவிட்டா. அந்த வயல் வருடக்கணக்காக விதைப்பில்லாமல் கிடந்தது. ஊருக்குத் திரும்பியபின் அக்கா முதன்முதல் ஆராய்ந்தது அந்த மண்ணைத்தான். உழவில்லாமல் கிடந்த வயல் மறுபடி விளைய என்ன வேண்டும் என்பதுதான் கேள்வி. தற்காலிக உதவி விரிவுரையாளராக இருந்த நான் மண் கிண்டி, பையில் கட்டி, மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து சேர்த்தேன். கட்டுரையில் இரண்டாவது பெயர் என்னுடையது.

கட்டுரையை வெளிநாட்டு ஆய்விதழுக்கு அனுப்பும்போது குடும்பப் பெயர் கேட்டார்கள். எங்கடை ஆக்களுக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பாவின் பெயர் ஓர் எழுத்தாகச் சுருங்கி முன்னுக்கு நிற்கும், அவ்வளவுதான். அக்கா அதை முழுசாக எழுதிப் பின்னுக்குப் போட்டா. வெளிநாட்டு வழக்கமோ பின்னால் நிற்கும் பெயரைச் சொல்லித்தான் மேற்கோள் காட்டும். அவ்வளவு படித்த அக்கா ஓரெழுத்தாகிப் போனா. எட்டாம் வகுப்போடு மண்வெட்டி தூக்கிய அப்பா ஆராய்ச்சியாளராகி உலகம் சுற்றத் தொடங்கினார். முதல் மேற்கோளைக் கண்ட அன்று அக்கா அந்த வரியை வாய்விட்டு வாசித்தா. அப்பாவின் பெயரை ஒருவர் நல்ல காரியத்துக்காக எழுதி அவா பார்த்தது அன்றைக்குத்தான். அதுவரை அந்தப் பெயர் காணாமற்போனோர் பட்டியல்களில் மட்டுமே இருந்தது.

பிறகு கலியாணம். கடவுச்சீட்டிலும் பல்கலைக்கழகக் கோப்பிலும் கணவரின் பெயர் ஏறியது. அடுத்த கட்டுரைகள் அந்தப் பெயரில் வந்தன. கட்டுரை எத்தனை, அவற்றை எடுத்தாண்டவர் எத்தனை பேர் என்று பார்த்து ஓர் ஆராய்ச்சியாளருக்கு எண் போடும் கணினிக்கு அக்கா இப்போது இரண்டு பேர். ஒருநாள் வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் அக்கறையாக எழுதியிருந்தார்: உங்கள் ஊரிலேயே இதே மண்ணை ஆராயும் இன்னொருவர் இருக்கிறார், நீங்கள் இருவரும் ஏன் ஒருமுறையும் சேர்ந்து வேலை செய்யவில்லை? கூடவே அப்பாவின் பெயர். அக்கா விழுந்து விழுந்து சிரித்தா. சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. "நானும் அவரைத்தானே தேடுறன். அவர் எங்கை இருக்கிறார் எண்டு இவருக்காவது தெரியுமோ கேளும்" என்றா.

பேராசிரியர் பதவிக்கு அவா விண்ணப்பித்தபோதுதான் வினை வந்தது. கோப்பில் இருக்கிற பெயருக்குரிய மேற்கோள்களை மட்டுமே எண்ணுவார்களாம். கூடுதலாக மேற்கோள் வாங்கியதோ அப்பா. இரண்டையும் ஒன்றாக்குவது பெரிய வேலையில்லை. நானே கணினியில் எல்லாவற்றையும் நிரப்பிக் கொடுத்தேன். கணவரின் பெயர் முதற்பெயராக மேலே நிற்கும், மற்றது 'பிற பெயர்கள்' என்பதற்குக் கீழே போகும். ஒரு தட்டுத் தட்டினால் முடிந்தது. அக்கா கையை எடுத்துவிட்டா.

"அப்பாவைப் பிற பெயர் எண்டு போட என்னால ஏலாது."

எனக்குச் சரியான கோபம். "விசர்க்கதை கதையாதேங்கோ அக்கா. பிள்ளை பேராசிரியர் ஆகிறதை வேண்டாமெண்டு சொல்லுற அப்பா ஆர்?"

"அவர் வந்து சொல்லட்டும், மாத்துறன்."

நிரப்பியதைச் சேமிக்காமல் மூடினேன். பதவி கிடைக்கவில்லை. அடுத்த வருடம் கணவர் இருந்த அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டா. அங்கே ஒரு கம்பனியில் மற்றவர்கள் கொண்டுவரும் மண்ணைச் சோதித்துக் கொடுக்கிறா. கட்டுரை எழுதுவதில்லை. இங்கிருந்த மின்னஞ்சலும் மூடப்பட்டுவிட்டதால் அந்தச் செய்திகள் அவவுக்குப் போவதில்லை. எனக்கு வருவதை நான் வாட்ஸப்பில் அனுப்புவேன். எந்த நாடு என்று கேட்பா, சொல்லுவேன்.

ஆராய்ச்சியாளரின் பக்கத்தில் யார் யாரோடு சேர்ந்து எழுதினோம் என்றும் போட்டிருக்கும். என் பக்கத்தில் அக்கா இன்றும் இரண்டு பேராக நிற்கிறா. அறையில் எனக்குப் பின்னால் ஒருவருமில்லை. புதிதாக வந்த பிள்ளை கதிரையை யன்னல் பக்கம் இழுத்துவிட்டா. அவா நல்ல பிள்ளைதான். என்றாலும் எனக்கு அக்கா வேணும். வேலை சரிவராத நாளில் முதுகுக்குப் பின்னால் இருந்து "தேத்தண்ணி குடிப்பம், வாரும்" என்ற அந்தக் குரல் வேணும்.

போன மாதம் துணுக்காயில் ஒரு பள்ளிக்கூடத்தில் மாணவர் செயற்றிட்டங்களைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். உயர்தரம் படிக்கும் ஒரு பிள்ளை குளத்துக்குக் கீழ் வயல்களின் மண்ணைப் பற்றிச் செய்திருந்தா. மலையகத்திலிருந்து வந்து அங்கே குடியேறிய குடும்பம், தகப்பன் வயல் வேலை செய்பவர். காட்சிக்கு வைத்த அட்டையின் அடியில் தான் படித்த கட்டுரைகளைத் தமிழில் எழுதியிருந்தா. முதலாவதாக அப்பாவின் பெயர்.

"இவர் ஆரெண்டு தெரியுமோ?" என்று கேட்டேன்.

"தெரியாது மிஸ். பெரிய ஆராய்ச்சியாளர் போல. எங்க வயலப் பத்தியெல்லாம் எழுதியிருக்காரு."

ஓம் என்றேன். அந்த அட்டைக்காகக் கைபேசி சிணுங்கவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளையின் மேற்கோளை எந்தக் கணக்கிலும் சேர்க்கமாட்டார்கள். படம் பிடித்து அக்காவுக்கு அனுப்பினேன். அப்பா எந்த நாட்டில என்று வழமைபோலக் கேட்டா. துணுக்காயில் என்று எழுதினேன்.

மற்ற அட்டைகளையும் பார்த்து முடித்தேன். வெளியே மோட்டார் சைக்கிளடியில் நிற்கும்போதுதான் பதில் வந்தது.

"அம்மாட்டைச் சொல்லிப்போடாதேயும். அவர் வந்திட்டாரெண்டு சோத்துக்கு உலை வைச்சிடுவா."