நண்டு ஏறாத படகு

நாய்க்குட்டிகளுக்குக் குடையைப் பழக்கும்போது அண்ணி அதை அவற்றின் முகத்துக்கு நேரே படாரென்று விரிக்க மாட்டார். விரித்த குடையை வாசல் மணலில் சாய்த்து வைத்து, அதன் ஓரத்தில் அவித்த இறால் இரண்டைப் போட்டுவிட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்துகொள்வார். குட்டிகள் குடையைப் பார்த்துக் குரைக்கும், பின்வாங்கும், மறுபடி மூக்கை நீட்டும். அரைமணி ஆனாலும் அண்ணி அசைய மாட்டார். கடைசியில் ஒரு குட்டி வந்து இறாலைக் கவ்வும். மறுநாள் அதே குடையின் நிழலில் நான்கும் தூங்கும். வலையின் கிழிசலைத் தைத்தபடி இதையெல்லாம் பார்த்து நான் சிரித்திருக்கிறேன். இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. முதல் கோபம் என் மேல்தான்.

எங்கள் ஊர் பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் தீவு. எதற்கும் படகேறித்தான் போக வேண்டும். என் அண்ணன் மனைவியான அண்ணி, சுண்ணாம்புக்குளத்திலிருந்து வந்தவர். அவர் அப்பா சைக்கிளில் மீன் விற்றவர். படகேறிப் பழகாத குடும்பம். கரையில் யார் யாரோ விட்டுப்போகும் குட்டிகளை, வீடு கிடைக்கும்வரை வளர்க்கச் சொல்லி, பொன்னேரிப் பக்கத்து மாட்டு டாக்டரம்மா அண்ணியிடம் கொடுப்பார். சின்ன வயதில் நல்லபடியாகப் பார்த்துப் பழகியதற்கு நாய் பிறகு பயப்படாது என்று அவர் ஒருமுறை சொன்னதை அண்ணி அப்படியே பிடித்துக்கொண்டார். குக்கர் விசில், பள்ளிக்கூட மணி, ஹெல்மெட் போட்ட ஆள், தடி ஊன்றி வரும் பெரியவர் என்று ஒன்றையும் விடவில்லை. எங்கள் வீட்டுப் பக்கம் வருகிறவர் கையில் ஒரு இறாலைத் திணித்து, "நீங்க கிட்ட போவாதீங்க, அதுவா வரும்" என்பார். நாய்க்கு இன்னா இவ்ளோ மரியாதை என்று ஊர் கேலி பேசியது. நானும் பேசினேன்.

அந்த நான்கில் மூன்று வீடு கிடைத்துப் போய்விட்டன. மிச்சம் இருந்தது ஒரு கறுப்புக் குட்டி. கோணலாக நடக்கும் என்பதால் நண்டு என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து ஒரு குடும்பம் அதை எடுத்துப்போகப் பழவேற்காட்டுக் கரைக்கு வருவதாக டாக்டரம்மா போன் செய்தார். நல்ல வீடு, சின்னப் பெண் ஒருத்தி இருக்கிறாள் என்றார். நண்டு பழக வேண்டியது படகு ஒன்றுதான். மணலில் ஏற்றிக் கிடந்த படகில் உட்கார்ந்து இறால் கொடுத்தார் அண்ணி. அடுத்து, தண்ணீரில் கட்டிக்கிடந்த படகு. வெள்ளிக்கிழமை அது முன்னங்கால் இரண்டையும் படகின் விளிம்பில் வைத்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரே ஒரு நாள் விட்டிருந்தால் தானே ஏறியிருக்கும்.

ஏரியில் எங்கள் முறைக்கு வந்த மீன்பாட்டை முடித்து நானும் கூட்டாளிகள் இருவரும் அப்போதுதான் திரும்பியிருந்தோம். எங்கள் ஊரில் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்குவது ஒரே வழியில்தான்: படகில் கூட்டிப் போய் ஆளாழத்தில் தூக்கிப் போடுவது. நைனா என்னையும் அப்படித்தான் போட்டார். பயம் அன்றோடு போய்விட்டது என்று ஊரெல்லாம் பெருமை பேசித் திரிந்தேன். பொய். மூக்கெல்லாம் தண்ணீர் ஏறி, மேலே பார்த்தபோது நைனா சிரித்துக்கொண்டிருந்தார். அதன்பின் எத்தனையோ மாதம் அவர் பக்கத்தில் படுக்க மாட்டேன் என்று அழுதிருக்கிறேன். அதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

"இன்னா அண்ணி, இதுக்குப் போயி ஒரு வாரமா குந்திகினு கீறீங்க. தண்ணில போட்டா தானா பழகிடும்" என்றேன். அண்ணி எழுந்து வருவதற்குள் நண்டைத் தூக்கிக்கொண்டு இன்ஜினைப் போட்டுவிட்டேன். "வாணாம் தம்பி" என்று அவர் கரையிலிருந்து கத்தியது கேட்டது. கேட்டும்தான் குட்டியைத் தண்ணீரில் போட்டேன். இன்ஜின் சத்தத்துக்குப் பக்கத்திலேயே குட்டி முழுகி எழுந்தது. கூட்டாளிகள் கைதட்டினார்கள். பிடரியைப் பிடித்துத் தூக்கியபோது அது குரைக்கவில்லை, கடிக்கவில்லை. என்னைப் பார்த்தபடி நடுங்கியது. நான் வேலையைச் சுலபமாக முடித்துக் கொடுத்தவன்போலக் கரைக்கு வந்தேன்.

ஞாயிறன்று படகைப் பார்த்ததுமே நண்டு ஊளையிட்டுக் கருவேலம் புதருக்குள் போய்ப் புகுந்துகொண்டது. அண்ணி முள்ளில் கை கிழிய அதை வெளியே எடுத்து, மடியில் இறுக்கிக்கொண்டு என் படகில் ஏறினார். வழியெல்லாம் எச்சில் வழிய வாந்தி எடுத்தது. கரையில் அந்தச் சின்னப் பெண் ஆசையாகக் கையை நீட்டினாள். ஊரில் அத்தனை பேர் கையிலும் இறால் வாங்கித் தின்ற குட்டி, அந்தக் கையைக் கடித்துவிட்டது. ஒரு பொட்டு ரத்தம்தான். அவள் அப்பா மரியாதையாகத்தான் பேசினார்: "தப்பா நினைக்காதீங்கம்மா, குழந்தை இருக்கிற வீடு." கார் போய்விட்டது.

திரும்பும்போது அண்ணி என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். வீடு வந்தபின் ஒன்றே ஒன்று சொன்னார்: "கல்யாணத்தன்னிக்கு நான் படகுல ஏற பயந்து நின்னப்போ, கையப் புடிச்சி இழுத்துப் போட்டது நீங்கதான் தம்பி. அன்னிக்கும் எல்லாரும் சிரிச்சீங்க." எனக்கு அது நினைவில்கூட இல்லை. இழுத்தவனுக்கு எங்கே நினைவிருக்கும்.

நண்டை அண்ணியே வைத்துக்கொண்டார். மணலில் கிடந்த படகிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி தொடங்கினார். ஒரு வாரத்தில் முடிய இருந்ததற்கு ஒரு மழைக்காலம் முழுக்க ஆனது. எங்கள் ஊர் ஆட்கள் இன்றைக்கும் பிள்ளைகளைத் தூக்கித்தான் போடுகிறார்கள். நான் போய்ச் சண்டை போட்டால், "உன்ன உங்க நைனா போடலியா, நீ செத்தா பூட்ட" என்கிறார்கள்.

போன மாதம் அண்ணனுக்கு முதுகு முடியாமல் போய், இருவரும் சுண்ணாம்புக்குளத்துக்கே குடிபோனார்கள். சாமான்களை என் படகில் நானே ஏற்றினேன். அண்ணன் ஏறினார், அண்ணி ஏறினார், பின்னாலேயே நண்டு தானாகத் தாவி ஏறி அவர் காலடியில் படுத்தது. இன்ஜினைப் போட நான் ஒரு காலை உள்ளே வைத்தேன். நண்டு எழுந்து மணலில் குதித்துவிட்டது. நான் இறங்கினால் ஏறியது, ஏறினால் இறங்கியது.

"தம்பி, கோச்சிக்காதீங்க. வேற யாராச்சும் ஓட்டட்டும்" என்றார் அண்ணி.

என் கூட்டாளி என் படகை ஓட்டிக்கொண்டு போனான். நான் முழங்கால் தண்ணீரில் நின்றேன். நண்டு ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.