இருபத்து நாலு அங்குல இடுப்பு

அந்த ஆயத்த ஆடைக் கம்பெனியில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஸ்மால் என்பார்கள். ஸ்மால் சைஸ் பேண்ட் எதுவானாலும் முதலில் அவளுக்குப் போட்டுப் பார்த்து, குண்டூசி குத்திச் சரிசெய்த பிறகுதான் ஆயிரக்கணக்கில் வெட்டுவார்கள். திங்கட்கிழமைதோறும் கட்டிங் அக்கா அவள் இடுப்பை அளந்து நோட்டில் எழுதுவாள். ஒன்பது வருஷமாக இருபத்து நாலு அங்குலம். அரை அங்குலம் கூடினால் வேறு பெண்ணைப் பார்ப்போம் என்பது மானேஜர் போட்ட சட்டம். அந்த மகானுடைய இடுப்பை அளக்க இரண்டு டேப்பை முடிச்சுப் போட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமையே அவள் வயிற்றைக் காயப்போட்டுவிடுவாள். மாதவிலக்கு வருஷத்துக்கு மூன்று தடவை வந்தால் அதிகம். தொல்லை விட்டது என்று அதையும் ஒரு சலுகையாகவே எடுத்துக்கொண்டாள்.

கல்யாணமான புதிதில் மாமியார், மருமகள் கொடி மாதிரி இருக்கிறாள் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். நாலு வருஷம் கழித்து, கொடியில் ஒன்றும் காய்க்கவில்லையே என்று அதே தெருவில் அதே வாயால் சொன்னாள். நடுவில் ஒன்று பத்து வாரம் தங்கிவிட்டுக் கலைந்துபோயிருந்தது. மாடிப்படி ஏறியதால் என்றார் ஒருவர், பலமாகத் தும்மியதால் என்றார் இன்னொருவர். அவள் கம்பெனியில் தொங்கும் சட்டைகளுக்குப் பின்னால் நின்று அழுதுவிட்டு வேலைக்குத் திரும்பினாள். குழந்தை வேண்டும் என்ற ஆசை அன்றுதான் அவளுக்குள் வெறியாகவே ஆனது.

கடைசியில் மாமியார் பெரிய டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனாள். பெரிய நோயாக, வாய் நுழையாத பேரோடு ஏதாவது வரும் என்று எதிர்பார்த்துத்தான் போனார்கள். டாக்டரம்மா அவளை எடை மெஷினில் ஏற்றினாள். ஐந்தடி நாலு அங்குல உயரத்துக்கு நாற்பத்து நாலு கிலோ.

"உன் உடம்பு தன்னைக் காப்பாத்திக்கவே திண்டாடுதும்மா. அதான் கருமுட்டை வர்றதையே நிறுத்தி வெச்சிருக்கு. போனது இதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா இதே எடையில திரும்ப உண்டானா, குழந்தை எடை குறைஞ்சு, நாளுக்கு முன்னாடியே பொறக்கலாம். நல்லா சாப்பிட்டு ஒரு எட்டு கிலோ ஏத்திட்டு வா."

மாமியாருக்குச் சப்பென்றாகிவிட்டது. "சாப்பிடச் சொல்றதுக்கா ரெண்டு பஸ் மாறி வந்தோம்?" என்று வெளியே வந்ததும் கேட்டாள்.

ஸ்மால் சாப்பிட ஆரம்பித்தாள். முட்டை, பால், வேர்க்கடலை, நெய். முதல் மாதம் ஒவ்வொரு வாயும் திருட்டு மாதிரி தொண்டையில் நின்றது. இடுப்பு கால் கால் அங்குலமாக ஏறியது. கட்டிங் அக்காவுக்குப் புதுப் பெண்ணைப் பழக்குவதற்குத் தெம்பில்லை. எந்தத் தையல் எங்கே கடிக்கிறது என்று இவளைப் போல் சொல்ல ஆளும் கிடையாது. ஆகவே காதும் காதும் வைத்தாற்போல் நோட்டில் இருபத்து நாலு என்றே எழுதிக்கொண்டு, பேண்டை மட்டும் எதிரே நின்ற இடுப்புக்கு ஏற்றபடி தளர்த்திக் குத்தினாள். அந்த வருஷம் ஸ்மால் என்ற சீட்டோடு முப்பதாயிரம் பேண்டுகள் இரண்டரை அங்குலம் வரை கூடுதலாகக் கப்பலேறின.

திருப்பி அனுப்புவார்கள் என்று இருவரும் நாளை எண்ணிக்கொண்டு இருந்தார்கள். கடைக்காரர்களோ இன்னும் முப்பதாயிரம் கேட்டார்கள். இப்போதுதான் மூச்சுவிட முடிகிற பேண்ட் வந்திருக்கிறது என்று பெண்கள் எழுதியிருந்தார்களாம். மானேஜர் அதைத் தன் தொலைநோக்கு என்று மேலிடத்தில் சொல்லி மாலை வாங்கிக்கொண்டார். பிறகுதான் டேப்பை வரவழைத்து, அவளைத் தன் எதிரிலேயே அளக்கச் சொன்னார்.

இருபத்தேழு. அவள் ஐம்பத்து மூன்று கிலோ இருந்தாள். மாதவிலக்கு ஐந்து மாதம் தேதி தவறாமல் வந்து, பிறகு நின்று பதினாலு வாரம் ஆகியிருந்தது. முந்தைய தடவை மாதிரி ஆகிவிடுமோ என்ற பயத்தில் மாமியாரிடம்கூட அவள் இன்னும் வாய் திறக்கவில்லை.

மானேஜர் பெருந்தன்மையோடு சிரித்தார். "பரவாயில்ல. இனிமே இதுதான் நம்ம ஸ்மால். ஆனா இதுக்கு மேல அரை அங்குலம் கூடக்கூடாது, புரியுதா?"

கட்டிங் அக்கா நோட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஸ்மாலுக்கு வேலை போய்விடும் என்று தெரிந்தது. வயிறு வளராமல் நின்றால் என்ன ஆகும் என்று அதைவிட நன்றாகத் தெரிந்தது.

"கூடும் சார்," என்றாள். "கூடலேன்னாதான் நான் அழணும்."