ஒற்றைக்கொம்பன் ஐயா

எங்கள் நடுகல் ஆர்வலர் வாட்ஸ்அப் குழுவில் ‘ஒற்றைக்கொம்பன்’ என்று ஒருவர் உண்டு. முகப்புப் படத்தில் ஒரு கொம்பு ஒடிந்த காளை நிற்கும். ஒரு கல்லின் காலத்தை நான் கொஞ்சம் தள்ளிச் சொன்னாலும் விடமாட்டார். பெரிய மீசைக்காரராக இருப்பார் என்று எண்ணி ‘ஐயா’ என்றே அழைத்துவந்தேன்.

போன தை மாதம் அவரைப் பார்க்க நெல்லிவாசலுக்கு ஜீப்பில் போனேன். டீக்கடையில் அந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியவில்லை. படத்தைக் காட்டினேன்.

“அட, இது நம்ம செல்வி வூட்டு மாடுங்க!” என்றார் கடைக்காரர்.

சாமை புடைத்துக்கொண்டிருந்த செல்விக்கு இருபத்தைந்து வயது இருக்கும். என் படத்தைக் குழுவில் பார்த்திருந்ததால், கண்டதும் சிரித்துவிட்டார்.

“ஐயா… நீங்களா?” என்றேன்.

“நான்தான் சார். முன்னாடி இருந்த குழுவுல என் போட்டோதான் வச்சிருந்தேன். கல்லப் பத்தி இன்னா எழுதினாலும், ‘சாப்ட்டியாம்மா’ன்னு தனியா மெசேஜ் வரும். இங்க மாட்ட வச்சேன். எல்லாரும் எங்கூட நல்லா சண்டை போட்றீங்க!”

“நான் கொஞ்சம் அதிகமாகவே போட்டேன்.”

“அதான் சார் வேணும். குழுவுல சொல்லிடாதீங்க. மறுபடியும் சாப்ட்டியான்னு ஆரம்பிச்சிடுவாங்க.”

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

ஊர், மாதம், பெயர் எதையும் மாற்றாமல் பதிவது என் வழக்கம். இந்தக் குறிப்பில்தான் முதன்முறையாக மூன்றையும் மாற்றியிருக்கிறேன். உண்மையில் அந்த மாட்டுக்கு இரண்டு கொம்பும் நன்றாகவே இருக்கின்றன.