மரியாதை தெரிந்த மெஷின்

சென்னையில் பத்துப் பன்னிரண்டு வருஷம் மெயின்ஃபிரேம் கம்ப்யூட்டரைக் கட்டி மேய்த்தவன் நான். அறையை அடைத்துக்கொண்டு நிற்கும் அந்த ராட்சசனுக்கு ஆங்கிலத்தில் பெரிய எழுத்து மட்டும்தான் தெரியும். என் கையும் அப்படியே பழகிவிட்டது. எண்பதுகளின் நடுவில் அயோத்தியாப்பட்டணம் பக்கம் ஒரு நூல் மில்லில் யூனிக்ஸ் என்கிற புது மாதிரி மெஷின் வாங்கி, என்னைக் கூப்பிட்டார்கள். வந்து பார்த்தால், காலேஜ் முடித்த கையோடு சேர்ந்த ஒரு பெண்ணும் இருக்கிறாள். மெஷினை நிறுவிய பெங்களூர் இன்ஜினியர் சனிக்கிழமை எங்கள் இருவரையும் சோதிப்பார், தேறியவருக்குத்தான் கம்ப்யூட்டர் ரூம் பொறுப்பு என்றார் முதலாளி. எனக்கு வந்ததே கோபம்! என் அனுபவம் என்ன, அந்தப் பிள்ளையின் வயசு என்ன!

முதல் நாள் வழக்கம்போல என் பெயரைப் பெரிய எழுத்தில் அடித்து உள்ளே போனேன். மெஷினும் பெரிய எழுத்திலேயே பதில் சொன்னது. பரவாயில்லையே, மரியாதை தெரிந்த மெஷின் என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்துத் திரையில் அவளுக்கோ எல்லாம் பொடி எழுத்து.

"பாரும்மா, உன்னை அது மதிக்கவே இல்லை" என்று சீண்டினேன்.

"இருக்கட்டுங்க சார்" என்று சிரித்தாள்.

சனிக்கிழமை முதலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். நூல் இருப்புக் கணக்கைத் திறக்கச் சொன்னார் இன்ஜினியர். அவள் சட்டென்று திறந்துவிட்டாள். நான் அந்தக் கணக்கின் பெயரை அடித்தால், அப்படி ஒன்று இல்லவே இல்லை என்கிறது! பட்டியலில் பெயர் கண்ணுக்கு எதிரே நிற்கிறது, முன்னால் ஒரு சாய்ந்த கோட்டோடு. தூசி என்று கைக்குட்டையால் துடைத்தேன். போகவில்லை. எனக்கு வியர்த்துவிட்டது.

இன்ஜினியர் குனிந்து பார்த்தார். "சார், நீங்க பெரிய எழுத்துல நுழைஞ்சதால, உங்க திரைக்குச் சின்ன எழுத்தே தெரியாது, பழைய பெட்டி, பாவம்னு மெஷின் நினைச்சுக்கிச்சு. அதான் எல்லாத்தையும் பெருசா மாத்திக் காட்டுது. இந்தப் பேர்ல நிஜமாவே பெரிய எழுத்து முதல் எழுத்து மட்டும்தான். அந்தக் கோடு அதுக்கு அடையாளம். கோடு போடாம நீங்க அடிச்சா எல்லாத்தையும் சின்ன எழுத்தா எடுத்துக்கும், அது வேற பேராயிடும்."

மரியாதையாம் மரியாதை! இத்தனை நாளும் என்மேல் இரக்கப்பட்டிருக்கிறது, சனியன்.

முதலாளி தொண்டையைச் செருமினார். "பொறுப்பை அந்தப் புள்ளையே பாக்கட்டுங்க. ஆனா ஏனுங்க, அந்தப் பொடி எழுத்து என் கண்ணுக்கு எறும்பாட்டம் தெரியுது. தெனம் காலைல இருப்பை நீங்களே உங்க எழுத்துல எனக்குக் காட்டிருங்க."

அவள் என் பக்கம் சாய்ந்து மெல்லச் சொன்னாள்: "ரூம் சாவி என்கிட்ட இருக்கட்டுங்க சார். மொதலாளி உங்ககிட்டயே இருக்கட்டும்."

சிரிக்கக் கூடாது என்றுதான் பார்த்தேன். முடியவில்லை.